மஞ்சள் அட்டைக் கூண்டு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல முனகுகிறது. நீ நன்றாக இருக்கிறாய் என்று கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். நேற்று போனில் மூச்சிரைக்க நான் சொன்னதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது, அதனால் முழுக்கதையையும் எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் நான் தீவனம் போடும் எலிக்கூண்டுகளில் மூன்று நிற அட்டைகள் தொங்குவது உனக்குத் தெரியும். எல்லாம் புற்றுநோய்க் கட்டி வரக்கூடிய வகை எலிகள். எந்த நிறத்துக்கு என்ன தீவனம் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் செல்லம் கொடுத்துவிடுவோமாம். ஆனால் இரண்டு வருஷமாகக் கூண்டுகளோடு கிடக்கிறவளுக்குக் கண் இருக்காதா? மஞ்சள் அட்டை எலிகள் கூண்டையே தலைகீழாக்கின, கட்டியும் குறைவு. ஸ்டோர் ரூமில், உடம்பின் செல்களைக் காக்கும் என்று விற்கிறார்களே, அந்த ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை டப்பாக்களைப் பார்த்தேன், அதுதான் மஞ்சளுக்குப் போகிறது என்று நானே முடிவு கட்டினேன். உனக்குக் கட்டியை எடுத்த ஆபரேஷன் முடிந்த கையோடு அதே மாத்திரையை வாங்கி அனுப்பி, போட்டாயா போட்டாயா என்று உன் உயிரை எடுத்தேன்.

எந்த நிறத்துக்கு எந்தத் தீவனம் என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையை நேற்று பிரித்தார்கள். மஞ்சள்தான் ஜெயித்தது, நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன், ஆய்வை நடத்தும், சிரிக்கவே தெரியாத டாக்டரம்மாகூடச் சிரித்துவிட்டார். பிறகு தீவனத்தின் பெயரைப் படித்தார். வெறும் பழம், காயவைத்து அரைத்த பழத்தூள். மாத்திரை போனது சிவப்பு அட்டைக்கு, அதில்தான் கட்டி அதிகம். இது எலிக் கணக்கு, மனுஷங்களுக்கும் இப்படித்தான்னு யாராலும் இன்னும் சொல்ல முடியாது, நீங்களா யாருக்கும் மருந்து கொடுத்துடாதீங்க என்று டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் வராந்தாவில் நின்று உனக்குப் போன் போட்டுவிட்டேன்.

நீயோ தயங்கித் தயங்கி, அந்த டப்பா மூடியைக்கூட நான் திறக்கலம்மா, என் டாக்டர் வேணாம்னுட்டாரு, நீ வருத்தப்படுவேன்னுதான் போட்டேன்னு சொன்னேன் என்கிறாய். பதினோரு மாதம் என்னிடம் பொய். வேறு நாளாக இருந்தால் உன்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நேற்று தீவன மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன், என்னோடு வேலை பார்க்கிற, கூண்டு கழுவ வந்தவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நூறு வயது நன்றாக இரு கண்ணே. பழம் சாப்பிடு, ருசிக்காகச் சாப்பிடு. வியாழக்கிழமை ஸ்கேன், மறக்காதே. என்ன வந்தாலும் அதில் மட்டும் என்னிடம் பொய் சொல்லாதே.

இனி வைத்தியம் பார்க்காத,
உன் அம்மா