நாக்கில் தொட்டு வைத்த தேன்

குஷாய்குடா, ஹைதராபாத்
21.3.2010

அன்பு மகள் மைதிலிக்கு, அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை அம்மாவுக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் விடுதிச் சாப்பாட்டை மீறி நன்றாகவே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் அம்மா அழுதுவிட்டு வைத்துவிட்டாள், உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் நீ விட்டுப்போன இரண்டு பெட்டிகளிலும் தேனீக்கள் செத்துவிட்டன. ஆனால் என் கவலை இப்போது தேனீ இல்லை, பக்கத்து வீட்டு அப்துல் காதருக்குப் பிறந்திருக்கும் பெண் குழந்தை.

கேட்டவுடனே செல்போன் டவர்தான் காரணம் என்று கத்தினாயாம். அந்த டவர் வந்த பிறகுதான் நீ பெட்டியே வைத்தாய், அதன் காலடியில்தான் தேனும் எடுத்தாய். விவசாயம் படிக்கிறவள் கோபத்தில் கைக்குக் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. நான் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். வெயில் என்றால் மெழுகு இளகித் தேனடை சரிந்திருக்கும், சரியவில்லை. பட்டினியும் இல்லை, அடை கட்டும் மரச்சட்டம் நிறையத் தேன் இருந்தது. நோய் என்றால் அடையில் வளரும் புழு அழுகி நாறும், புழு வெள்ளையாகத்தான் இருந்தது. சாக்கடைத் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது, ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி லேபில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன தோன்றும், ஆனால் அது வருடக்கணக்காக அப்படித்தானே ஓடுகிறது. கடைசியில் பெட்டியின் வாசல் பலகையைக் குனிந்து பார்த்தேன். செத்தவை நாக்கை நீட்டியபடி கிடந்தன, சாகாதவை நடுங்கிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றின. அது பூச்சி மருந்தேதான்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் வேணுகோபாலிடம் போய்க் கேட்டேன். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த மனிதர், உருது கலந்த அவர் தமிழே தனி, எனக்கு நாற்பது ஆகாததால் இன்னும் நான் அவருக்குப் பையன். "ஹவ், ஆமா, அடிச்சோம். பி பிளாக் டேங்க் கீழ மலைத்தேனீ கட்டி ரெண்டு பேரைக் கொட்டிச்சு, முத்தம் குடுக்கச் சொல்றியா? கைக்குப்பா, எதுக்குப்பா இவ்வளோ டென்ஷன்?" என்றார். மருந்து அடித்தவர்கள் அந்த அடையை அறுத்துத் தேனோடு மாடியிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். செத்த கூட்டின் தேனை உயிருள்ள கூடு கொள்ளையடிக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். நம் தேனீக்கள் அந்த விஷத்தைச் சுமந்துவந்து நம் பெட்டியில் நிரப்பிவிட்டன.

இது எனக்குத் தெரிவதற்கு முன்பே காதர் மனைவி ஃபாத்திமா ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்துவிட்டாள். குழந்தை நாக்கில் வைக்கக் கொஞ்சம் தேன் வேண்டும் என்று காதர் கேட்டிருக்கிறான். உனக்கும் நாங்கள் அப்படித்தான் வைத்தோம். பலகையில் தேனீ செத்துக் கிடப்பதைப் பார்த்த அம்மா வெயில் என்று நினைத்து, ஈதான் போயிற்று, தேனாவது நல்ல காரியத்துக்கு ஆகட்டும் என்று மேல் சட்டத்து அடையைப் பிழிந்து பாட்டிலில் கொடுத்துவிட்டாள். நான் ஷிப்டில் இருந்தேன். அவளை ஒரு வார்த்தை சொல்லாதே, அவளே சரியாகச் சாப்பிடுவதில்லை.

விஷயம் தெரிந்ததும் ஓடினேன். என் வாய் உனக்குத் தெரியும். நின்றபடியே, அந்தத் தேன் விஷம், எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். காதர் எழுந்து, "பாலா, பச்ச உடம்புக்காரி முன்னாடி என்ன பேச்சு பேசுற?" என்றான். ஃபாத்திமா என்னையே பார்த்தாள். "அண்ணே, நேத்தே புள்ள நாக்குல தொட்டு வச்சாச்சே" என்றாள். சொல்லிக்கொண்டே துப்பட்டா முனையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாடியில் அடித்த மருந்தின் டப்பாவைத் தேடிப் பிடித்து டாக்டரிடம் காட்டினேன். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தொட்டு வைத்தது துளிதான், ஒன்றும் ஆகாமலே போகலாம், ஆனால் பால் குடிக்காமல் துவண்டாலோ எச்சில் ஒழுகினாலோ உடனே கொண்டுவர வேண்டுமாம். தேனை யார் கொடுக்கச் சொன்னது, பச்சைக் குழந்தைக்கு எந்தத் தேனும் ஆகாது என்று திட்டவும் செய்தார். காதர் என்னோடு பேசுவதில்லை. தேன் பாட்டிலைத் திருப்பி நம் வாசலில் வைத்துவிட்டான். அம்மா பத்தியச் சமையல் கொண்டுபோனாள், பாத்திரம் மூடி திறக்காமலே திரும்பி வந்தது.

உன் சட்டங்களை எரித்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்க நேரம் இல்லை, வேறு தேனீக்கள் வந்து அதையும் எடுத்துப் போயிருக்கும். மருந்து அடித்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தேன், பதிலுக்குத் தேன்பெட்டி வைக்கத் தடை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். லீவுக்கு வரும்போது புதுக் கூட்டம் எதுவும் கொண்டுவராதே. வேணுகோபாலுக்குக் கடிதம் எழுதி அவரைக் கிழிக்கலாம் என்றும் நினைக்காதே.

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இங்கே இரண்டு பேரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறோம். காலையில் நன்றாக அழுதது. மத்தியானத்திலிருந்து சத்தம் இல்லை.

நீ நோய்நொடி இல்லாமல், படிப்பில் தெளிவாய், நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் இருக்கிறது. ஒன்றை மறக்காதே. கடிதம் கிடைத்ததும் ஃபாத்திமாவுக்கு போன் செய், உன்னிடம் பேசுவாள். தேன் பேச்சை எடுக்காதே. பிள்ளை பால் குடிக்கிறதா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல்.

உன் அப்பா,
பாலச்சந்திரன்