பின் இருக்கையில் பன்னிரண்டு நிமிடம்

திங்கட்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். திட்டினால் வலி தெரிவதில்லையாம். குளியலறைக் குழாய் சொட்டுவது இன்னும் நின்றபாடில்லை. மூன்று முறை இறுக்கிப் பார்த்துவிட்டேன். நான்காவது முறை போனால் குழாய் கையோடு வந்துவிடும் என்று அம்மா ஸ்பேனரை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கூட வைத்திருந்த, புது ஊருக்குக் குடிபோகும் பயணத் திட்டத்தையும் படித்தேன். கட்டம் கட்டி, நேரம் எழுதி, முக்கியமானதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். என் பிள்ளை என்று யாரும் சொல்லாமலே தெரியும். பெருமையாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"பதினான்காம் தேதி பதினொரு மணி: லாரியில் சாமான் ஏற்றி முடியும். அதுவரை கார் தெருவில் நிற்கும். கிளம்பியதும் ஏ.சி. பன்னிரண்டு நிமிடத்தில் குளிரவைத்துவிடும். பொம்மி ஈரச் சட்டையோடு பதினைந்து நிமிடம் தாங்குவாள், டாக்டர் சொன்னது. மூன்று நிமிடம் மிச்சம்." வழியில் சாப்பிட நிறுத்தும் இரண்டு இடத்திலும் இதே கணக்கை எழுதியிருக்கிறாய்.

அந்த மூன்று நிமிடத்தைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியர்வைச் சுரப்பிகளே இல்லாமல் பிறந்த குழந்தைக்கு வெயில் என்றால் என்ன என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன கோடையில் லிஃப்ட் நின்றுபோய், மூடிய படிக்கட்டில் பொம்மியை நீ தூக்கிக்கொண்டு ஏறினாயே, அந்தப் பத்து நிமிடத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால்தான் மாப்பிள்ளைக்கு இவ்வளவு பயம். போனில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, விளம்பரத்துல அவன் ஆயிரம் போடுவான், அதெல்லாம் நான் நம்பமாட்டேன். நீங்க கைப்பட எழுதி அனுப்புங்க, பொம்மியை வண்டியில ஏத்தறேன். இல்லேன்னா நான் மட்டும் முன்னால போறேன், வெயில் தணிஞ்சதும் ரெண்டு பேரும் வரட்டும்." உடனே நீ போனைப் பிடுங்கி, "அப்பா கையெழுத்துப் போட்ட வண்டிக்கு அப்பாவையே சாட்சி கேக்கறார் பாரு!" என்று சிரித்தாய். எழுதுகிறேன் என்றேன். என் கடிதம் கைக்கு வரும்வரை எதையும் முடிவு செய்யாதே என்றும் சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் பிரிந்திருக்க உனக்கு மனமில்லை என்பது தெரியும். போகலாம் என்று நான் ஒரு வரி எழுதினால் போதும் என்பதும் தெரியும். அந்த வரியைத்தான் எழுத முடியவில்லை. ஏன் என்பதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

கார் கம்பெனியில் நாங்கள் சூளை என்று கூப்பிடும் சோதனை அறையைப் பற்றி நீ சின்ன வயதில் நிறையக் கேட்டிருக்கிறாய். நாற்பது டிகிரி வைத்த அறை, மேலே சூரியனுக்குப் பதில் விளக்குகள், தரையில் சக்கரம் ஓட உருளைகள். காரைக் கதவு மூடி ஒரு மணி நேரம் அதற்குள் வேகவைப்போம். பிறகு இன்ஜினைப் போட்டு, ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து, உள்ளே இருபத்தேழு டிகிரிக்கு வர எத்தனை நிமிடம் என்று குறிப்போம். இதற்காக முன் இருக்கையில் ஆறு, பின் இருக்கையில் நான்கு என்று வெப்பமானி ஒயர்கள் தொங்கும். உங்கள் வண்டி மாடலுக்கு அந்தச் சோதனையைச் செய்தவன் நான். நான் ஓய்வு பெற்ற வருடம் அது.

ஒரு மணி நேரம் முடிந்து இன்ஜினைப் போடப் போகும் சமயத்தில், பின் இருக்கை ஒயர் ஒன்றின் எண் குதித்தது. பிடிப்பு விட்டிருக்கும் என்று பயந்துபோனேன். தவறான எண்ணை எழுதிவிடக் கூடாதே என்று பின்கதவு இரண்டையும் திறந்து ஒயரை அழுத்தினேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஒரு முறை பார்த்தால் போதாது. நான்கு ஒயரையும் அழுத்தினேன், மறுபடி முதலிலிருந்து அழுத்தினேன். கதவை மூடும்போது இரண்டரை நிமிடம் ஆகியிருந்தது. அறுபத்திரண்டில் இருந்த வண்டி அதற்குள் நாற்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. அங்கிருந்துதான் சோதனை தொடங்கியது. பன்னிரண்டு நிமிடம் வந்தது அப்படித்தான்.

மேலதிகாரியிடம் சொல்லாமல் இல்லை. "சார், இன்னொரு தடவை வெச்சுப் பாத்துடலாமா, கதவு கொஞ்சம் திறந்துபோச்சு" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏன்யா, ஜனங்க கதவைத் திறக்காம ஜன்னல் வழியாவா குதிச்சு ஏறுவாங்க?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவும் இருந்தது. பதிவேட்டின் ஓரத்தில் "பின்கதவுகள் 2½ நிமிடம் திறப்பு" என்று பென்சிலால் எழுதிவைத்தேன். அறிக்கையைத் தட்டச்சு செய்தவர் ஓரத்தில் இருந்ததை விட்டுவிட்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இவ்வளவு வருடம் அதை நினைத்து நான் தூங்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். நன்றாகவே தூங்கினேன். பன்னிரண்டு நிமிடம் பதினெட்டு ஆனால் யாருக்கு என்ன, சட்டை கொஞ்சம் நனையும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். சட்டை நனையாத ஒரு குழந்தை நம் வீட்டிலேயே பிறக்கும் என்று நினைக்கவில்லை.

புதன்கிழமை

கடிதத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். சரியான எண் என்னவென்று தெரியாமல் பழைய எண் தப்பு என்று மட்டும் எழுதி என்ன பயன்? மாடி வீட்டுப் பல் டாக்டரிடம் இருப்பது உங்கள் மாடல்தான், அதே வருடத்து வண்டி. தயங்கித் தயங்கி நேற்று அவரிடம் கேட்டேன். விஷயத்தைக் கேட்டதும் வண்டியைத் தருகிறேன், நானே ஓட்டுகிறேன் என்றார். இன்று காலை பதினோரு மணிக்கு வெளியே முப்பத்தொன்பது டிகிரி. கண்ணாடிகளை ஏற்றி, தெருவில் வெயிலில் வண்டியை நிறுத்தினோம். பொம்மியின் பழைய குழந்தை இருக்கையைப் பரணிலிருந்து இறக்கி, பின்னால் கட்டிவைத்தேன். எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், காருக்குக் காய்ச்சலா? தெர்மாமீட்டரும் கையுமா நிக்கறீங்க?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து நான் பின் இருக்கையில் ஏறப்போனபோது அம்மா வழியை மறித்துக்கொண்டாள். "எழுபது வயசுல அவிஞ்சு போறதுக்கு ஆசையா? ஒயரை மட்டும் விட்டுட்டு வாங்க" என்றாள். ஒயரை மட்டும் விட்டு வந்ததுதான் அன்றைக்கு நான் செய்த தப்பு என்றேன். அவளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, ஒரு துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு, கடிகாரத்தோடு முன் இருக்கையில் ஏறிவிட்டாள். ஒரு கதவைத் திறந்து ஏறி மூட எனக்கு எட்டு விநாடி. உள்ளே அறுபத்தொன்று. சீட் பெல்ட்டின் கொக்கி விரலைச் சுட்டது.

டாக்டர் ஓட்டினார். ஏ.சி. நன்றாக வேலை செய்யும் வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். நாலாம் நிமிடத்திலேயே முன்பக்கத் துவாரத்திலிருந்து வரும் காற்று பத்து டிகிரிக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் நிமிடத்தில் அம்மா புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "டாக்டர், கொஞ்சம் குறைச்சு வைங்களேன், குளுருது" என்றாள். அப்போது எனக்கும் குழந்தை இருக்கைக்கும் நடுவில் தொங்கிய ஒயர் நாற்பத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் பின் இருக்கைக்கென்று காற்றுத் துவாரம் இல்லை. முன் இருக்கைகளின் முதுகைத் தாண்டி மிச்சம் மீதி வந்தால்தான் உண்டு. சிக்னலில் நின்ற ஒவ்வொரு முறையும் அந்த மிச்சமும் குறைந்தது.

பன்னிரண்டாம் நிமிடம்: முன்னால் இருபத்தைந்து, பின்னால் முப்பத்தெட்டு. குழந்தை இருக்கையின் துணிக்கு அடியில் நாற்பத்தாறு. நிமிடத்தைச் சொல்லத் திரும்பிய அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கப் போனாள். "திறக்காதே!" என்று கத்திவிட்டேன். நாற்பத்தைந்து வருடத்தில் நான் அவளிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. டாக்டர் வண்டியை ஓரம் கட்டப் போனார், அவரையும் போகச் சொன்னேன். பதினைந்தாம் நிமிடத்தில் முப்பத்தாறு. அந்த நிமிடத்தில் எனக்கு எண் மங்கலாகத் தெரிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்த்துக் கொட்டியதால்தான் நான் உட்கார்ந்திருந்தேன், சின்னவளே. எனக்கு வியர்த்தது.

பின்னால் இருபத்தேழு வந்தபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மோர்த் தம்ளரை என் கையில் வைத்துவிட்டு, என்னிடம் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். அரைமணி கழித்து ஸ்பேனரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை

இன்று இன்னொரு முறை பார்த்தோம். இந்த முறை நாலு கதவையும் திறந்து, இரண்டரை நிமிடம் விட்டு, பிறகு கிளம்பினோம். பின்னால் இருபத்தேழுக்குப் பதினாலு நிமிடம். அன்று நான் தெரியாமல் செய்ததை நீங்கள் தெரிந்தே செய்தால் பாதி வெப்பம் கதவு வழியாகவே போய்விடும். அந்தப் பதினாலு நிமிடமும் பொம்மி வண்டிக்கு வெளியே, நிழலில், மாப்பிள்ளையோடு இருக்க வேண்டும். நீ மட்டும் ஓட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வா. வண்டியை நிறுத்தி வைத்து ஏ.சி.யைப் போட்டால் இந்தக் கணக்கு வராது. குழந்தை இருக்கையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்து, கடைசியில் மாட்டு. கொக்கியைத் தொட்டுப் பார்க்காமல் மாட்டாதே.

இவ்வளவும் நான் அளந்தது. அளக்காதது ஒன்று இருக்கிறது. உன் திட்டத்தில் எண்பது கிலோமீட்டருக்கு ஒரு கடைகூட இல்லாத சாலை வருகிறது, பகல் இரண்டு மணிக்கு. அங்கே வண்டி நின்றுபோனால் ஏ.சி.யும் நின்றுவிடும். எவ்வளவு நல்ல ஏ.சி.யானாலும் வண்டி ஓடும்வரைதான் அது குளிரவைக்கும். அதற்கு என்னிடம் எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் போகலாம் என்று எழுத இனி என்னால் முடியாது.

அதனால் சொல்கிறேன். பதினான்காம் தேதி பதினோரு மணிக்குப் பொம்மியை வண்டியில் ஏற்றாதே. நான் உன்னிடம் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கேட்டுக்கொள்கிறேன் என்றுதான் சொல்வேன். இது அப்படியில்லை. மாப்பிள்ளை லாரியோடு போகட்டும். மறுநாள் விடிவதற்கு முன் நீ வண்டியை எடுத்தால் அந்த எண்பது கிலோமீட்டரை ஏழு மணிக்குள் தாண்டிவிடலாம், வெயில் ஏறுவதற்குள் புது வீட்டுக் கதவைத் திறந்துவிடலாம். அதுவும் மனதுக்கு ஒப்பவில்லை என்று மாப்பிள்ளை சொன்னால் அவர் சொல்வதைக் கேள். இரண்டு மாதம் பெரிய காலமில்லை.

விடியலில் போவதாக முடிவு செய்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல். பதிமூன்றாம் தேதியே நான் அங்கே வந்துவிடுகிறேன். பொம்மிக்குப் பக்கத்தில், பின் இருக்கையில் நடுவில், எனக்கு ஓர் இடம் வை. இரண்டு குடம் தண்ணீரும் ஒயரும் நான் கொண்டுவருகிறேன். அம்மாவும் வருவாளாம், முன் இருக்கை அவளுக்கு வேண்டாமாம், குளிருமாம்.

கம்பெனிக்கும் இன்றே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். இரண்டு சோதனை எண்களையும் கொடுத்து, பழைய பதிவேட்டில் எந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். என்ன சொல்வார்களோ, உள்ளுக்குள் உதறல்தான். அந்த வண்டியை நீ வாங்கிய அன்று, "எங்கப்பா அளந்தது" என்று ஷோரூம்காரரிடம் சொன்னாயாமே. மாப்பிள்ளை ஒருமுறை சொன்னார். அதை நினைத்தால்தான் அதைவிட அதிகமாக உதறுகிறது.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் கொடு. கைப்பட எழுதிக் கேட்டார், எழுதியிருக்கிறேன். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

பொம்மியின் தலையைத் தொட்டு, தாத்தா தொடச் சொன்னார் என்று சொல். அவள் நெற்றி எப்போதும் குளிர்ந்திருக்கட்டும். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். எனக்கு வைக்கும் அந்த இடத்தை மட்டும் வேறு சாமானால் நிரப்பிவிடாதே.

இப்படிக்கு,
இன்னொரு முறை அளந்து பார்த்த
உன் அப்பா