கனகாவின் பெயரில் குவிந்த செய்திகள்

என் கனகாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. போன ஐப்பசி மழையில் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். செய்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் உன்னிடம் நேராகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். போடியிலிருந்து தினமும் காலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும், சாயங்காலம் இறங்கும். வழியில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. போன் போட்டால் போகாது. அதற்காகத்தான் நீ ஜீப்பு டிரைவர் சங்கத்து மாடியறையில் ஒரு கணினியை வைத்து, செய்திகளை வாங்கி வைத்திருந்து கொடுக்கும் சர்வராக அதை மாற்றினாய். ஒவ்வொரு வண்டிக்கும் அதில் ஒரு தனி வரிசை. செய்தி அந்த வரிசையில் காத்துக் கிடக்கும். வண்டி சிக்னலுக்குள் வந்த நிமிடம் டிரைவரின் போனில் ஹாரன் மாதிரி அலறும்.

பதினோரு நாள் காய்ச்சலில் உன்னைப் பறிகொடுத்த பிறகு, சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். "தெரிஞ்ச புள்ள போயிருச்சு. பெட்டிய அணைச்சிரலாம்மா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்குறது?" என்றார். உன் அண்ணன், அதான் என் வீட்டுக்காரர், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் பாத்துக்கிர்றேன்" என்று சொன்னேன். எந்தத் துணிச்சலில் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

நீ சொல்லிக் கொடுத்தது நாலைந்து கட்டளைகள்தான். கறுப்புத் திரையில் "ஃப்ரீ" என்று அடித்தால் எவ்வளவு மெமரி மிச்சம் என்று தெரியும். "டாப்" என்று அடித்தால் எந்தப் புரோகிராம் அதிகம் தின்கிறது என்று தெரியும். முதல் நாள் நான் பதறியபோது நீ சிரித்தாய். "ஃப்ரீங்கிற கட்டத்தப் பாத்துப் பயப்படாதீங்க மதினி. கடைசியில அவைலபிள்னு இருக்கு பாருங்க, அதுதான் நெசமா கையில இருக்கிறது. மத்ததெல்லாம் எரவல் குடுத்து வச்சிருக்கு, கேட்டா வந்துரும்" என்றாய். நீ போன பிறகு தினமும் காலையில் அதைப் பார்த்து நோட்டில் எழுதினேன். அவைலபிள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேதான் வந்தது. வண்டிகள் கூடியிருக்கின்றன, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

அன்று வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். மலையைக் காண முடியாதபடி மழை. டிரைவர் பாண்டி அண்ணன் மலையடிவாரத்து முந்தலிலிருந்து போனில் கூப்பிட்டார். "அமுதா, மேல் வளைவுல பாறை உருண்டு கெடக்கு. நான் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். அதுக்கு மேல மண்ணு இன்னும் நகருதுத்தா. எறங்குற வண்டிய வெரசா நிப்பாட்டு!"

மேலே பன்னிரண்டு ஜீப்பு. அதில் ஒன்று உன் அண்ணனுடையது. எல்லா வண்டியிலும் வேலை முடிந்த பெண்கள் ஏறும் நேரம். "மெட்டிலேயே நில்லுங்கள், இறங்காதீர்கள்" என்று அடித்து அனுப்பினேன். போகவில்லை. மறுபடி அனுப்பினேன். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

செயலாளர் படியேறி ஓடி வந்தார். "அணைச்சுப் போட்டுப் பாரும்மா!"

"வேணாம்ண்ணே. அணைச்சா எந்திரிக்கவே பத்து நிமிசம் ஆகும். எந்திரிச்சாலும் அதே பாரத்தோடதான் எந்திரிக்கும். என்னன்னு பாத்துர்றேன்."

டாப்பில் பார்த்தேன்: நம் சர்வர்தான் மெமரியில் பெரும்பகுதியைப் பிடித்திருந்தது. ஃப்ரீயில் பார்த்தேன்: அவைலபிள் கட்டத்தில் மிஞ்சியது சொற்பம். பிறகு சர்வரிடமே நிலைமையைக் கேட்கும் கட்டளையை அடித்தேன். மெமரி வரம்பைத் தாண்டிவிட்டது, அதனால் புதுச் செய்தி எதையும் வாங்க மாட்டேன் என்று எச்சரிக்கை காட்டியது. நீ பக்கத்தில் இருந்தால் எதற்கு அப்புறம் எதைக் கேட்பாயோ, அப்படியேதான் கேட்டேன். கடைசியாக, எந்த வண்டியின் வரிசை எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று கேட்டேன்.

ஒவ்வொரு வண்டியிலும் விரல்விட்டு எண்ணும்படி ஐந்தோ ஆறோ செய்திகள். ஒரே ஒரு வரிசை மட்டும் மலை மாதிரி நின்றது. வாங்க ஆள் பூச்சியம் என்று காட்டியது. பெயரைப் பார்த்தேன். கனகா.

பழுது வந்தால் தேடிப் பார்க்க, எல்லோருடைய செய்தியும் படமும் உனக்கும் ஒரு நகல் வரும்படி நீ வைத்திருந்தாய், இல்லையா? மற்ற வரிசைகளில் பழையது தானாகக் கழிந்துவிடும். உன்னுடையதற்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. உன் போன் அத்தையின் பீரோவில் அணைந்து கிடக்கிறது. நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து டிரைவர்கள் அனுப்பிய ரோட்டுப் படமெல்லாம் உனக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

அதில் ரோட்டுப் படம் மட்டும் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது "எப்பத்தா வருவ?" என்று டிரைவர்கள் கேட்டது இருந்தது. நீ போன பிறகு நான் அனுப்பிய மூன்று செய்திகளும் இருந்தன. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எடுத்து வைக்க நேரம் இருந்திருந்தால் எடுத்து வைத்திருப்பேன். நேரம் இல்லை. உன் வரிசையைக் காலி செய்யும் கட்டளையை அடித்தேன். உன் பெயரை எழுத்து எழுத்தாக நானே அடிக்க வேண்டியிருந்தது.

சர்வர் பிடித்திருந்த மெமரி மளமளவென்று இறங்கியது. எச்சரிக்கை விலகியது. நிறுத்தச் சொன்ன செய்தி பன்னிரண்டு வரிசைக்கும் போய்ச் சேர்ந்தது. "பாத்துட்டேன், மெட்டுல நிக்கிறேன்." "டீக்கடையில ஒதுங்கிட்டோம் அமுதா." ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. பதினொன்று வந்துவிட்டது. உன் அண்ணனுடையது வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் கழித்து வந்தது: "தோட்டத்துல டயரு பஞ்சரு. இப்பத்தான் சிக்னல் கெடச்சது. எறங்கல புள்ள." அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன். செயலாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பொழுது சாய்வதற்குள் மேல் மண் முழுவதும் ரோட்டில் சரிந்தது. அந்த நேரத்தில் அங்கே ஒரு வண்டியும் இல்லை. மெட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். எல்லாரும் அங்கேயே கஞ்சி காய்ச்சிக் குடித்துப் படுத்து, மறுநாள் கம்பம் வழியாகச் சுற்றி வீடு வந்தார்கள்.

உன் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். "அவ பேர்ல இருந்ததெல்லாம் போயிருச்சா?" என்று கேட்டார். "போயிருச்சு" என்றேன். பிறகு, "நானும் அவளுக்கு ஒண்ணு ரெண்டு அனுப்பிருந்தேன்" என்றார். அதில் என்ன எழுதியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமோ?

இப்போது எல்லா வரிசைக்கும் வரம்பு போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெமரியைப் பார்த்து, குறைந்தால் என் போனில் அலறும்படி நானே பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு இடத்தில் தப்பு வந்தது, நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். செயலாளர் இப்போது பெட்டியை அணைக்கச் சொல்வதில்லை. குரங்கணிப் பக்கத்து வண்டிகளையும் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்துவிடுவேன்.

உன்னிடம் பேச நினைப்பதை இனி இப்படிக் காகிதத்தில் எழுதுகிறேன். அந்தப் பெட்டி மலையில் இருப்பவர்களுக்கு. இனி எந்த மழையிலும், செய்தி கிடைக்காமல் ஒரு ஜீப்பும் மெட்டைவிட்டு இறங்காது. இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் அண்ணன் பெஞ்சாதி,
உனக்கு என்றைக்கும் மதினி,
அமுதா