பதினைந்து நாள் என்று எழுதிக் கொடுத்தது

இன்று அம்பத்தூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ரசீதை வாங்கிய பிறகும் அங்கேயே நின்றேன். நீ கண்ணை மூடி ஆறு வருடம் ஆகிறது.

தொண்ணூறுகளில், இதே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நாம் இருவர்தான் பெண்கள். ஸ்டோர்ஸ் சரக்கு இருப்புக்கான புரோகிராம் நீ எழுதியது. யார் எதைக் கேட்டாலும் அவசரமாக ஒட்டுப்போட்டுக் கொடுத்தாய். ஐந்து வருடத்தில், ஒரு இடத்தைத் தொட்டால் வேறொரு இடம் உடையும் நிலைக்கு அது வந்துவிட்டது. நீ வேறு பிரிவுக்குப் போனதும் என்னிடம் கொடுத்தார்கள். அது செய்யும் வேலை மாறாமல் உள்ளே மட்டும் சீர்படுத்த எத்தனை நாள் ஆகும் என்று மேனேஜர் கேட்டார்.

ஒரு பகுதியை எடுத்துச் சரிசெய்து பார்த்தேன். மூன்று நாள் பிடித்தது. அப்படி இன்னும் பதினான்கு பகுதிகள். நாற்பத்திரண்டு என்று எழுதினால் பழி உன் தலையில் விழும். உன் பதவி உயர்வுப் பேச்சு நடந்துகொண்டிருந்த மாதம் அது. பதினைந்து நாள் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மூன்று பகுதிகள்தான் முடிந்திருந்தன. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் டப்பாவோடு வந்த நீ, மேசையில் கிடந்த அந்தத் தாளின் நகலைப் பார்த்துவிட்டாய்.

“இன்னாடி இது, பதினஞ்சு நாளா? அத்த எய்துனவளே நான். எனக்குத் தெரியாதா?”

“உன் புரமோஷன் கெட்டுப்போயிடுமேன்னு...”

“எனுக்கோசரம் நீ மாட்டிக்கினு கீறியா? எயுந்திரு.”

மேனேஜர் முன்னால் உன் பேச்சு கொஞ்சம் அடங்கியது. “கோளாறு நான் எழுதுனதுல சார். இவ ஒருத்தியே செஞ்சா இன்னும் முப்பத்துமூணு நாள் ஆகும். நானும் உக்காந்தா பாதி.”

அவர் என்னைப் பார்த்தார். “இத மொத நாளே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. உன் எலுமிச்சை சாதத்தில் பாதிக்கு மேல் நானே தின்றேன்.

இருவருமாக மேலும் பதினெட்டு நாளில் முடித்தோம். அடுத்த மாதம் ஸ்டோர்ஸில் ஒரு மாற்றம் கேட்டார்கள். முன்பென்றால் ஒரு வாரம் இழுத்திருக்கும்; அன்று மதியத்துக்குள் முடிந்தது. பதவி உயர்வு மட்டும் அந்த வருடம் உனக்கு வரவில்லை. கோவில்பதாகை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதற்காக வருந்தினேன். “வராட்டி போவுது. இப்போ யார் மூஞ்சியயும் நேரா பாக்கலாம்ல” என்றாய். மறு வருடம் வந்தது.

இன்றும் யாராவது எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், என் வாயில் முதலில் வருவது சின்ன எண்தான். அதை விழுங்கிவிட்டு உண்மையான எண்ணைச் சொல்கிறேன். சொன்னதும் மூச்சு லேசாகிறது.