இருபதுக்கு இருபது வாங்கிய புளிசாதம்

என் தங்க அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களிடமும் வேண்டாம். இங்கே யார் கையிலாவது கிடைத்தால் அவர்களையும் கெஞ்சிக் கேட்கிறேன்: படித்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். மூன்று மணிக்கு அம்மா சோறு வடிக்க எழுந்துவிடுவாள். அதற்குள் முடிக்க வேண்டும். கண் எரிகிறது, அப்பா. ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

நீங்கள் இறந்துபோய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நான் இப்போது செகண்ட் பியுசி காமர்ஸ். பிசினஸ் பாடத்துக்காக ஒவ்வொருவரும் ஒரு சின்ன வியாபாரம் செய்து ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்கு இருபது மார்க். நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் தினமும் பெங்களூருக்குப் போன விடியற்காலை ரயில் மாரிக்குப்பத்தில் நிற்கும்போது, உங்கள் பெட்டி ஆட்களுக்கே புளிசாதப் பொட்டலம் விற்றேன். அம்மா செய்து கொடுத்தாள். முதல் நாளே கொண்டுபோன இருபத்திரண்டு பொட்டலமும் போய்விட்டன. நான்கு மாதமாக ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மிஸ் மார்க் போட ஒரு தாள் வைத்திருக்கிறார்கள், கட்டம் கட்டமாக. லாபம் வந்ததா, வாடிக்கையாளர் திரும்ப வந்தாரா, பொருள் மிஞ்சியதா. எனக்கு எல்லாக் கட்டத்திலும் முழு மார்க். என் பக்கத்தில் உட்காரும் ஷர்மிளா பினாயில் கலந்து, ஸ்கெலட்டன் லைன் சுரங்கக் குடியிருப்பு முழுக்க வீடு வீடாகப் போனாள். விற்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதினாள். வாசனை பிடிக்கவில்லை, பாட்டில் ஒழுகுகிறது, மாதக் கடைசியில் வந்து நிற்கிறாயே என்றெல்லாம். அவளுக்கு எட்டு மார்க்.

"நஷ்டத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய கதை?" என்றார்கள் மிஸ்.

"உனக்கின்னாடி, உங்கம்மா கைமணம். எனக்கு பினாயில் மணம்" என்று ஷர்மிளா சிரித்தாள். அப்போது நானும் சிரித்தேன்.

முந்தாநாள் இல்லை, அதற்கு முந்தின சனிக்கிழமை, உங்களுக்கு எதிர் சீட்டில் உட்காரும் டேனியல் அங்கிளுக்குச் சில்லறை கொடுக்கப் பெட்டிக்குள் ஏறினேன். ரயில் நகர்ந்துவிட்டது. "இருட்டுல நடுவுல இறங்காத பாப்பா, பங்காருப்பேட்டைல திரும்புற வண்டில ஏத்தி வுடறேன்" என்றார்.

பங்காருப்பேட்டையில் பிளாட்பாரம் கூட்டும் பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். "இன்னாண்ணா, இன்னிக்கும் புளிசோறா? ஒரு நாளாச்சும் லெமன் போடச் சொல்லக் கூடாதா?" என்றாள் ஒருத்தி. அங்கிள் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பையை எடுத்து நீட்டினார். பை நிறைய என் பொட்டலங்கள். நூலைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை.

"நல்லா இல்லியா அங்கிள்?"

"அப்டி இல்ல பாப்பா. எல்லாருக்கும் வூட்ல டப்பா கட்டிக் குடுத்துடறாங்கோ. எத்தினி துன்றது?"

பிறகு மெதுவாகச் சொன்னார். நம் ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்டில் ஒருவர் போய்விட்டால், கூட வேலை செய்தவர்கள் ஒரு வருஷம் அந்த வீட்டு அடுப்பு எரிகிற மாதிரி பார்த்துக்கொள்வார்களாம். அந்த வீட்டுக்கு அது தெரியக் கூடாதாம். "எங்கப்பாரு அப்டிதான் செஞ்சாரு. உங்க வூட்டுக்கு எப்டிச் செய்யறதுன்னு முழிச்சினு இருந்தோம், நீயே பொட்டலத்தோட வந்து நின்ன. அடுத்த மாசம் வருஷம் திரும்புது. அதுக்கப்புறம் நீ படிப்பப் பாரு."

மூலையிலிருந்து முனிசாமி அண்ணன் கையைத் தூக்கினார். "நான் மெய்யாலுமே துன்றேன்மா. எனக்கு ஏது வூட்ல டப்பா? உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா கீது."

பெட்டியே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்கள் சீட்டில் இன்னும் யாரும் உட்காருவதில்லை, அப்பா. ஒரு டவல் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் நான் எப்படிக் கோபப்படுவேன்?

ஆனால் அம்மா? மார்க் தாள் வந்த அன்றே அவள் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தாள். "இத்தினி பேரு திரும்பத் திரும்ப வர்றாங்கோன்னா கடையே போடலாம் பாப்பா" என்றாள். கார்மெண்ட்ஸ் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிவிட்டாள். விடிந்தால் திங்கட்கிழமை, கொடுக்கப் போகிறாள். நீங்கள் போன பிறகு அவள் பாட்டு முணுமுணுப்பதை இப்போதுதான் கேட்கிறேன். அவர்கள் வாங்கியது உன் புருஷனுக்காக, உன் கைமணத்துக்காக இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அடுத்த மாதம் வேலையும் இருக்காது, வாங்குவதற்கு ஆளும் இருக்காது. தெரிந்துகொண்டே போன வாரம் முழுக்க விற்றேன். கூடை எப்போதும் இருந்த கனம்தான், எனக்குத்தான் தூக்க முடியவில்லை.

இன்றைக்கே வைவாவும் இருக்கிறது. வேறு காலேஜ் சார் வந்து, "உங்ககிட்ட ஏன் வாங்குறாங்க?" என்று கேட்பாராம். தரம், விலை, நேரம் என்று மிஸ் மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதில் நீங்கள் இல்லை. மிஸ்ஸின் தாளில் உங்களுக்கென்று ஒரு கட்டம் இல்லை.

சாரிடம் உண்மையைச் சொல்வேன், அப்பா. என் வாடிக்கையாளர் ஒரே ஒருவர், பெயர் முனிசாமி, உப்பைக் குறைக்க வேண்டும். மற்ற இருபத்தொரு பேரிடமும் ஷர்மிளா கேட்டதைப் போலக் கேட்டு எழுதப் போகிறேன். எத்தனை மார்க் போனாலும் போகட்டும். அதற்கு முன்னால், வேலையை விடும் அந்தக் கடிதம் அம்மாவின் பைக்குள் போவதற்கு முன்னால், அவளிடம் சொல்லிவிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்வேன், உங்கள்மேல் சத்தியம்.

டவல் போட்ட சீட்டுக்காரரின் ஒரே மகள்,
உங்கள் பாப்பா

அப்பா, அம்மா கதவைத் தட்டுகிறாள். "உள்ள இன்னா பண்ற பாப்பா? அரிசி போடணும், தொற." உப்பு டப்பா என் கையருகேதான் இருக்கிறது. உப்பிலிருந்து ஆரம்பித்தால்