முன் வரிசையில்தான் உட்காருவேன்

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கப் பேனா மறுக்கிறது. அதனால் உறவை மட்டும் எழுதியிருக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இருப்பதை உங்கள் குரலே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும், கேட்க வேண்டியதில்லை. நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை, ஆகவே கடிதம்.

அண்ணி பேசினார். உங்கள் மகள் கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் என் கையால்தான் நடக்க வேண்டுமாம், மண்டபத்தைப் பற்றி நாலு யோசனையும் சொல்ல வேண்டுமாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விருந்தாளிங்க வர்றதுக்குள்ள கிளம்பிடும்மா. அவரு முன் வரிசையில உக்காருவாரு, உன்னைப் பார்த்தா சங்கடப்படுவாரு. உங்கண்ணன்தான் சொல்லச் சொன்னாரு" என்றார்.

'அவரு' என்றால் என் முன்னாள் கணவர். உங்கள் உயிர் நண்பர். என் இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாக வளையாமல் இருப்பதற்குக் காரணமான புண்ணியவான். கோர்ட்டே அறுத்துவிட்ட உறவை நீங்கள் மட்டும் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

போகட்டும். யோசனை கேட்டீர்கள், சொல்கிறேன். அந்த மண்டபத்தில் எத்தனையோ மேடை கட்டியிருக்கிறேன். மேடைக்கு எதிரே மேற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல்கள். சாயங்கால வெயில் நேரே மணமக்கள் முகத்தில் அடிக்கும், போட்டோவில் இருவரும் இப்போதுதான் சண்டை போட்டவர்கள் மாதிரி விழுவார்கள். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும், கண் கூசாது. வாசல் டைல்ஸ் தூறல் பட்டாலே வழுக்கும், மிதியடி விரிக்க வேண்டும்.

ஸ்பீக்கரை நாற்காலிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் வருவதே ஒருவரை ஒருவர் விசாரிக்கத்தான். பாதிப் பேர் உங்களைப் பற்றித்தான் பேசுவார்கள், அதையாவது தொண்டை கிழியாமல் பேசட்டும்.

மணமக்கள் சாப்பிட்டார்களா என்று எந்தக் கல்யாணத்திலும் யாரும் கேட்பதில்லை. மேடையேறுமுன் இருவருக்கும் வயிறு நிறையக் கொடுக்க ஓர் ஆளைப் பொறுப்பாக வையுங்கள். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம், மைக் கையில் கிடைத்தால் உங்களுக்கு உலகம் மறந்துவிடும். வாழ்த்துரையைச் சுருக்கமாக முடியுங்கள். மானம், மரியாதை, குடும்பப் பெருமை எல்லாவற்றையும் வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று பேசித் தீர்த்துவிட்டு வாருங்கள்.

பூ வளைவு ஆளுயரத்துக்கு வேண்டும் என்றீர்களாம். உங்கள் மகள் கேட்டது வேறு. ஆம், உங்களிடம் சொல்லாமல் பஸ் பிடித்து என் பட்டறைக்கு வந்தாள். "வெட்டின பூவெல்லாம் மறுநாள் குப்பைக்குத்தானே அத்தை? சின்னச் சின்னத் தொட்டிச் செடியா அடுக்கலாமா? போறப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகட்டுமே" என்றாள். உங்கள் வீட்டில் வளர்ந்து இப்படி ஒரு யோசனை வந்ததே பெரிய விஷயம். செடிகளுக்குச் சொல்லிவைத்துவிட்டேன். வளைவு கிடையாது.

ரிப்பன் வெட்டிக்கொண்டே இன்னொன்றும் கேட்டாள். "எனக்கு அங்க சரிப்பட்டு வரலைன்னா அப்பா என்னையும் கார்ல ஏத்திக் கொண்டுபோய் விட்டுடுவாரா அத்தை?"

என் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அன்று ஒரு பையோடும் வீங்கிய கையோடும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை நீங்கள். "குடும்பம்னா நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போ" என்று காரில் ஏற்றி, எந்த வாசலிலிருந்து தப்பி வந்தேனோ அதே வாசலில் இறக்கிவிட்டீர்கள். அடுத்த தடவை வீட்டை விட்டு ஓடியபோது உங்கள் தெருப் பக்கமே வரவில்லை. பள்ளிக்கூடச் சீருடையோடு மாடிப்படியில் ஒரு குழந்தை நின்றதை நாம் இருவருமே கவனிக்கவில்லை. அது எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது.

அவள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அது நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அல்ல.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். மேடையை நான் கட்டுவேன். கட்டி முடித்துக் கை கழுவி, நல்ல புடவை மாற்றிக்கொண்டு, முன் வரிசையில் உட்காருவேன். பெண்ணுக்கு அத்தை நான், எவர் தயவும் வேண்டாம். உங்கள் நண்பருக்குச் சங்கடமாக இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும். சங்கடப்படுவதற்கும் முறை வைத்துக்கொள்ள வேண்டாமா? என் முறை முடிந்துவிட்டது.

கடைசியாக ஒரு யோசனை. துணி, செடி, சாப்பாடு எதில் குறை வைத்தாலும் நான் சமாளித்துவிடுவேன், இதை என்னால் செய்ய முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்ப வந்தாலும் இது உன் வீடு, யாரும் உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டோம்" என்று சொல்லுங்கள். அண்ணியை விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தப் பேச்சு அவளுக்கு ஒருநாளும் தேவைப்படாமல் போகட்டும், மனம் கோணாமல், சிரித்த முகமாய், நீடூழி வாழட்டும்.

ஆனாலும் சொல்லிவிடுங்கள், அண்ணா.

இப்படிக்கு,
நீங்கள் மறந்தாலும் உங்கள் கூடப்பிறந்தவள்