அரிசிக் கிட்டங்கியில் அக்கா கேட்ட கச்சேரி

கூப்பிட்டால் "என்னவே?" என்று அங்கிருந்தும் எட்டிப் பார்ப்பீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கும் என் அத்தானுக்கு,

நவராத்திரிக்கு நம்ம நாஞ்சில் நாட்டுச் சாமிகள் திருவனந்தபுரத்துக்கு வந்து, தங்கி, நேற்றுத் திரும்பியும் போய்விட்டார்கள். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமேல் கோட்டைக்குள் போனாள். வேளிமலை முருகன் வழக்கம்போல் நம் பக்கத்திலே ஆரியசாலைக் கோயிலில் இறங்கினான். நம் சாலைக் கடைத்தெருக்காரர்கள் எல்லாரும், சொந்தக்காரன் வந்து இறங்கியது போல், வாசலில் குத்துவிளக்கு வைத்து நின்றோம். நீங்கள் கண்ணை மூடி இது இரண்டாவது நவராத்திரி.

ஊர் இந்த வருஷமும் மேடை மேடையாகத்தான் கிடந்தது. கோட்டைக்குள்ளே மண்டபத்தில் மகாராஜா முன்னிலையில் கச்சேரி. அக்கிரகாரத்தில் கொலு வைத்த கூடங்களில் குழந்தைகள் பாட்டு. ஆரியசாலைப் பந்தலில் நாகசுரம். புத்தரிக்கண்டத்து வயலோரத்தில் நாடகக்காரர்கள் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். மழை பெய்தால் ராஜா வசனம் ஒருவருக்கும் கேட்காது. ஆனால் நான் எழுத வந்தது இவற்றைப் பற்றி அல்ல. மூட்டை அடுக்கி வைக்கும் நம் அரிசிக் கிட்டங்கியைப் பற்றி.

நம் கிட்டங்கி எப்படிச் சபையானது என்பதை எனக்கு அடுத்த தலைமுறைக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். உங்களுக்குச் சங்கீதத்தில் காது கிடையாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று உங்கள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன், நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். காது இருந்தது என் அக்காவுக்கு. கோட்டை மண்டபத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆண்களும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, கை தட்டாமல், இருமலை விழுங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், அக்கா கோட்டை மதிலுக்கு வெளியே தெருவில் நின்று கேட்பாள். பாதிப் பாட்டு காற்றோடு வரும், மீதியை மாட்டுவண்டிச் சலங்கை தின்றுவிடும்.

ஒரு நாள் நீங்கள் அவளைத் தேடிப் போய், மதிலோரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தீர்கள். அடுத்த நவராத்திரிக்குக் கிட்டங்கியில் பாதியை ஒழித்து, பலகை அடித்து, கோட்டையில் பாடி முடித்த வித்துவானை மறுநாள் பிற்பகலில் வில்வண்டி வைத்து அழைத்து வந்துவிட்டீர்கள். அவருக்கு எதிரே வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள், நடுவே தட்டி கூடக் கிடையாது. வாசலில் நின்று கேட்ட, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களை நீங்கள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். அதற்காக இரண்டு கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள், பாட்டு கேட்க ஆசை வந்ததும் திரும்பி வந்தார்கள்.

வருகிற வித்துவான்கள் எல்லாம், "இப்படி ஒரு சத்தம் வேறெங்கும் கிடைக்காது" என்று உங்களைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். கோட்டை மண்டபத்தில் உத்தரத்திலே மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள், அதனால் குரல் இனிமையாகக் கேட்கிறது என்பார்கள். நம்மிடம் பானை ஏது? அரிசி மூட்டைதான். அதை நீங்கள் ஒவ்வொரு வருஷமும் நின்று அடுக்க வைப்பீர்கள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "எனக்கு என்னவே தெரியும்? வீட்டுல கேளும்" என்பீர்கள். அதை நாங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டோம். பெரிய மனுஷன் அப்படித்தான் பேசுவான் என்று தலையாட்டினோம். ஒருவனாவது வீட்டில் போய்க் கேட்டானா?

போன வருஷம் கச்சேரிக்குக் கிட்டங்கிக் கதவு திறக்கவே இல்லை. இந்த வருஷம் கடைக்காரர்கள் திரண்டு வந்து, நடத்தியே ஆக வேண்டும் என்றார்கள். நான் உள்ளே போய் அக்காவிடம் கேட்டேன்.

"நடத்துங்க. எனக்கென்ன?" என்றாள்.

"நீ வருவியா?"

"தாலியறுத்தவ சபையில வந்து இருந்தா நாலு பேரு நாலு சொல்லுவா. எனக்குக் காப்பி போடுக வேலை இருக்கு, போ."

அத்தான், நீங்கள் போனதிலிருந்து அவள் ஒரு பாட்டும் கேட்கவில்லை. தெருவில் பஜனை போனால் சன்னலைச் சாத்திவிடுவாள். அரிசி களைகிறபோது வாய்க்குள்ளே எதையாவது இழுத்துக்கொண்டிருப்பாளே, அதுவும் நின்றுவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள், கணக்காகத் திட்டுகிறாள், வேறு குறை சொல்ல முடியாது. ஆனால் கச்சேரி நடக்கிறதோ இல்லையோ, அக்கா வந்து உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

உங்கள் பெயர் விளங்க வேண்டும் என்று நாங்கள் இந்த முறை தடபுடலாக இறங்கினோம். கிட்டங்கியில் ஒரு மூட்டை இல்லாமல் காலி செய்து, அடுத்த கடைக்கு மாற்றினோம். நாலு சுவருக்கும் வெள்ளையடித்தோம். புதுப் பாய் விரித்தோம், மாவிலைத் தோரணம் கட்டினோம், உங்கள் படத்துக்கு மாலை போட்டோம். பார்த்தவர்கள் எல்லாம் கல்யாண மண்டபம் தோற்றது என்றார்கள். நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவிலே நின்று பார்த்தேன். என்னைப் பார்த்து நீங்கள் படத்துக்குள் சிரித்தீர்களோ என்று இப்போது தோன்றுகிறது.

வித்துவான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நம் கிட்டங்கிக்குப் புதியவர். வர்ணத்தை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒருவர் பாட, மாடியில் யாரோ அவரைக் கேலி செய்து திருப்பிச் சொல்வது போல் இருந்தது. மிருதங்கம் தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி கேட்டது. வித்துவான் நிறுத்தினார், தண்ணீர் கேட்டார், மறுபடி எடுத்தார், மறுபடி நிறுத்தினார். ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு உங்கள் படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அப்போது பின்பக்கம், வீட்டுக்கும் கிட்டங்கிக்கும் நடுவிலுள்ள கதவு திறந்தது. அக்கா நின்றாள். கையில் காப்பி வடிகட்டுகிற துணி. அவள் சபையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"ஏல வேலாயுதம், பாட்டு ரெண்டு ரெண்டாட்டு கேக்கு. மூட்டைய எல்லாம் எங்கல கொண்டு போட்ட?"

"அடுத்த கடையில, அக்கா."

"வெள்ளச் சொவர பாக்கவா ஆளு வந்திருக்கு? எடுத்துட்டு வரச் சொல்லு."

நான் வாய் திறப்பதற்குள் சுமட்டுக்காரன் நாணு தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். அவனோடு வாசல் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். புது வேட்டி கட்டி வந்த கடை முதலாளிகளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடுச்சபையில் வந்து நின்று ஒரு தரம் கை தட்டினாள். கேட்டாள். இரண்டடி நகர்ந்து இன்னொரு தரம் தட்டினாள்.

"அக்கச்சி, இது எவிடெ இடணும்?" என்றான் நாணு.

"பின்சொவருல ஆளு உயரத்துக்கு அடுக்கு. பக்கத்துல இடுப்பளவு மதி, அதுக்கு மேல வேண்டாம். பாடுகவரு முதுகுக்குப் பின்னால ஒண்ணும் வேண்டாம், சத்தத்தக் குடிச்சுப் போடும். மொளகா வத்தல் மூட்டை ஒண்ணும் கலந்து வந்திரப்பிடாது, கேட்டியா? ஒருக்கா வந்து, பாடுகவரு பல்லவி பூராவும் தும்மினாரு."

அத்தான், நான் அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுல கேளும், வீட்டுல கேளும் என்று வருஷா வருஷம் நீங்கள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

மூட்டை அடுக்கி முடிந்தது. அக்கா கடைசியாக ஒரு தரம் தட்டிப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் தான் நிற்கிற இடம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். ஜவுளிக்கடைப் பெரியவர், "அதுவும் சரிதான், சுபகாரியம் நடக்குத எடம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் முனகினார். முனகல் எல்லாருக்கும் கேட்டது. சத்தம்தான் இப்போது திருந்திவிட்டதே.

பெரியவரை நாலு கேள்வி கேட்கத் துண்டை உதறினேன். நான் எழுவதற்குள் வித்துவான் மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"அம்மா, நீங்க எங்க போறேள்? எனக்கு இந்த எடம் புதுசு. உங்க முகத்தப் பாத்தாத்தான் சத்தம் எப்படிச் சேர்றதுன்னு தெரியும். எதிர்க்க உக்காருங்கோ. நீங்க உக்காராம நான் ஆரம்பிக்க மாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பாயைத் தட்டி விரித்தேன். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். ஜவுளிக்கடைப் பெரியவர் கச்சேரி முடிகிறவரை எழுந்து போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குப் பாடிய பாட்டுகளைப் பற்றி உங்களிடம் எழுதி என்ன புண்ணியம்? கல்யாணியா காம்போதியா என்றால் எந்தக் கடைச் சரக்கு என்பீர்கள். அக்காவின் முகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் இரண்டு பாட்டுக்கும் அது இறுகித்தான் இருந்தது. மூன்றாவதில் கண்ணை மூடினாள். வித்துவான் ராகத்தை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்காமலே, விரலால் பாயில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை. நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

மறுநாள் கச்சேரிக்கு நான் கூப்பிடவில்லை. காப்பியை முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டு அவளே வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். யாரும் நாலு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றிரண்டு பேர் சொல்லியிருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை, அக்காவுக்கும் கேட்கவில்லை.

நேற்று முருகன் வேளிமலைக்குப் புறப்பட்டான். வழியனுப்பிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்தேன். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி, "அடுத்த வருசம் யாரு பாடுகா?" என்று கேட்டாள்.

பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன், அத்தான். "யாரைக் கூப்பிடணும்னு நீயே சொல்லு" என்றேன். யோசித்துச் சொல்லுகேன் என்றாள். இன்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவள் யார் பெயரைச் சொன்னாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நான் வண்டியோடு போய் அழைத்து வருவேன். முதல் வரிசையில் அவள் வந்து உட்காராமல் யாரும் சுருதி சேர்க்க விடமாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

என் அக்காவுக்காக ஒரு சபையையே கட்டிக் கொடுத்துவிட்டுப் போன உங்களுக்கு,
என்றும் மைத்துனன்,
வேலாயுதம்
சாலை, திருவனந்தபுரம்